கொடி பச்சையாக இருக்கிறது, குலை எங்கே?

  

ஐப்பசி மழை ஓய்ந்து பத்து நாள் கழித்து ஒரு அதிகாரி தோட்டத்துக்கு வருகிறார். பந்தலுக்கு அடியில் நின்று தலையைத் தூக்கிப் பார்க்கிறார். "கொடி பச்சைப்பசேல்னு இருக்கே, இதுல என்னய்யா சேதம்?" என்று கேட்கிறார். நம்மாளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தலையைச் சொறிகிறார். அதிகாரி 'பாதிப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறார். தை மாதம் பழம் வெட்டப் போகும்போதுதான் பத்துப் பெட்டி வரவேண்டிய இடத்தில் நாலு பெட்டி வருகிறது. அப்போது போய்ச் சொன்னால், "மழை பெஞ்சது எப்போ, நீங்க வந்து சொல்றது எப்போ?" என்கிறார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி வரைக்கும் பன்னீர் திராட்சை போட்டிருக்கிற நம்மில் பலபேருக்கு இது புதுக்கதை அல்ல. அந்த அதிகாரி கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்த படிவம் அப்படி. கண்ணுக்குத் தெரிகிற சேதத்தை மட்டும் எழுதச் சொல்லும் படிவம் அது. திராட்சைக்கு வருகிற சேதத்தில் பாதி கண்ணுக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தை நாமே தெளிவாகப் புரிந்துகொண்டு, எடுத்துப் பேசப் பழகவேண்டும். அதற்காகத்தான் இந்தத் தலையங்கம்.

ஒரே மழை, மூன்று தோட்டம்

ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் மூன்று தோட்டங்களை எடுத்துக்கொள்வோம். மூன்றும் அடுத்தடுத்த தோட்டம். ஐப்பசி இரண்டாம் வாரத்தில் ஐந்து நாள் அடைமழை பிடிக்கிறது.

முதல் தோட்டக்காரர் மழைக்கு மூணு நாள் முன்னாடிதான் கவாத்து அடித்தார். அவருக்கு அந்த மழை பால் வார்த்த மாதிரி. மண் நனைந்து, காற்றில் ஈரம் இருந்து, மொட்டு எல்லாம் ஒன்றுபோல உடைந்து துளிர் வருகிறது.

இரண்டாம் தோட்டக்காரர் ஆடி முதல் வாரத்தில் கவாத்து அடித்தவர். அவர் பழம் நிறம் திரும்பி, சாறு ஏறி, வெட்டுக்கு இரண்டு மூன்று வாரம்தான் பாக்கி. காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் இறங்கியதும் வேர் உறிஞ்சி, பழம் ஊதி, தோல் வெடிக்கிறது. வெடித்த இடத்தில் அழுகல். ஈ மொய்க்கிறது. நல்ல குலையையும் சேர்த்து நாசமாக்குகிறது. இது கண்ணுக்குத் தெரிகிற சேதம். இவர் தோட்டத்தைப் பார்த்தால் அதிகாரியும் எழுதத்தான் செய்வார்.

மூன்றாம் தோட்டக்காரர் ஆவணிக் கடைசியில் கவாத்து அடித்தவர். அவர் கொடி நாற்பதாம் நாளில் நிற்கிறது. அதாவது பூ. திராட்சைப் பூவுக்கு விரிகிற இதழ் கிடையாது. பச்சைத் தொப்பி ஒன்று மூடியிருக்கும். வெயில் அடித்தால் அந்தத் தொப்பி கழன்று விழும், மகரந்தம் கொட்டும், பிஞ்சு பிடிக்கும். அடைமழையில் தொப்பி கழலாமல் ஒட்டிக்கொள்கிறது. கழன்றாலும் மகரந்தத்தை மழை கழுவிவிடுகிறது. பூ உதிர்ந்து, குலைக்காம்பு மட்டும் மொட்டையாக நிற்கிறது. கொஞ்சம் தப்பியது மிளகு சைசுக்கு வந்து அப்படியே நின்றுபோகிறது. கொடி இலையோ பச்சையாக, கொழுகொழுவென்று இருக்கிறது!

மூன்று பேருக்கும் பெய்த மழை ஒன்றுதான். மில்லிமீட்டர் கணக்கும் ஒன்றுதான். ஒருத்தருக்கு வரம், ஒருத்தருக்குத் தெரிகிற நஷ்டம், இன்னொருத்தருக்குத் தெரியாத நஷ்டம். வித்தியாசம் மழையில் இல்லை. கவாத்துத் தேதியில் இருக்கிறது.

வெட்டுக்கு முன்னாடி 120 நாள்

பழம் வெட்டுகிற அன்றைக்கு விளைச்சல் தீர்மானமாவதில்லை. பன்னீர் திராட்சைக்குக் கவாத்திலிருந்து வெட்டு வரைக்கும் ஏறக்குறைய 120 நாள். அந்த ஒவ்வொரு கட்டத்திலும் வானம் ஒரு கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகிறது.

சொல்லப்போனால் அதற்கு முன்னாடியே தொடங்கிவிடுகிறது. இந்தப் போகத்துக்கு வரப்போகிற குலை, போன போகத்துக் கிளையின் மொட்டுக்குள்ளேயே உருவாகிவிடும். அப்போது கொடிக்கு நல்ல வெயில் கிடைத்திருந்தால் அந்தக் கரு குலையாகும். வாரக்கணக்கில் மேகமூட்டமும், பந்தலில் ஒன்றன்மேல் ஒன்றாக இலை அடைசலும் இருந்தால், குலையாக வேண்டியது பற்றிப் படரும் சுருள்கம்பியாகப் போய்விடும். "துளிர் நல்லாத்தான் வந்துச்சு, குலைதான் காணோம்" என்று நாம் தலையில் கைவைக்கும்போது, அதற்கான காரணம் நாலைந்து மாதத்துக்கு முந்தைய மேகத்தில் இருக்கிறது. இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அடுத்தது நோய். இலையில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி மஞ்சளாக விழுந்து, அடியில் வெள்ளையாகப் பூத்தால் அது அடிச்சாம்பல் நோய். இலை நனைந்து சில மணி நேரம் காயாமல் இருந்தாலே அதற்குப் போதும். ஆனால் மழை பெய்த அன்றைக்கே தெரியாது, கிட்டத்தட்ட ஒரு வாரம் உள்ளே மறைந்திருந்துதான் வெளியே வரும். மழை நின்ற மறுநாள் வந்து பார்க்கிறவருக்கு இலை சுத்தமாகத் தெரியும். அவர் ஜீப் ஊர் எல்லையைத் தாண்டின பிறகு இலை கருகும், பிஞ்சு காயும். மழையே இல்லாமல் மப்பும் மந்தாரமுமாக இருந்தாலும் நிம்மதி இல்லை. அப்போது சாம்பல் நோய் வரும். மழை பெய்தால் ஒன்று, பெய்யாவிட்டால் ஒன்று!

1885-ம் ஆண்டு பிரான்ஸ் தேசத்துப் போர்டோ பகுதியில் இந்த அடிச்சாம்பலுக்காகத்தான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்தை ஊருக்குச் சொன்னார்கள். இன்றைக்கும் நாம் போர்டோ கலவை என்று அடிப்பது அதைத்தான். அந்த மருந்து நோய் வருமுன் காக்கும், வந்தபின் தீர்க்காது. அடித்து முடித்த உடனே மழை கொட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும். திரும்ப அடிக்கவேண்டும். மருந்துச் செலவு இரட்டை, ஆள் கூலி இரட்டை. விளைச்சல் தப்பிப் பிழைத்தாலும் இந்தச் செலவு நஷ்டம்தான். அதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கடைசிக் கட்டம் நிறமும் இனிப்பும். பகலில் வெயில், ராத்திரியில் குளிர்ச்சி, மண்ணில் அளவான ஈரம் என்று அமைந்தால் பன்னீர் திராட்சை ஒரே கருநீலமாகத் திரும்பும். மார்கழி, தையில் கவாத்து அடித்துச் சித்திரை வாக்கில் வெட்டுகிற பழத்துக்கும், மழைக்காலத்துப் பழத்துக்கும் உள்ள வித்தியாசம் நம் நாக்குக்கே தெரியும். தொடர்ந்து மேகம் போட்டாலோ, ராத்திரியும் புழுக்கமாக இருந்தாலோ குலையில் பாதி கறுப்பு, பாதி சிவப்பு, நடுவில் பச்சை என்று நிற்கும். அப்படிப்பட்ட பழம் அழுகவில்லை, உதிரவில்லை. எடை கூட இருக்கிறது. ஆனால் வியாபாரி வந்து பார்த்து, "கலர் வரல, இனிப்பு ஏறல" என்று விலையைப் பாதியாக்குகிறார். இல்லையென்றால் 'நாளைக்கு வெட்டலாம்' என்று தள்ளிப்போடுகிறார். அதற்குள் இன்னொரு மழை வந்துவிடுகிறது. வானம் எடுத்துக்கொண்டது போக, மிச்சத்தை விலை எடுத்துக்கொள்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். இருந்தாலும் ஒருதரம் போட்டுப் பார்ப்போம்.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்குப்படி பன்னீர் திராட்சை ஒரு ஹெக்டேருக்கு வருஷம் 30 டன். ஏக்கருக்குச் சுமார் 12 டன். மூன்று போகம் என்றால் ஒரு போகத்துக்கு 4 டன். கிலோ 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 1,60,000 ரூபாய். இதில் மருந்து, உரம், கூலி, பந்தல் செலவு எல்லாம் அடக்கம்.

பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் இருந்தால்தான் பணம். 2015-க்கு முன்பு இது 50 சதவீதமாக இருந்தது, அந்த ஆண்டுதான் 33 ஆகக் குறைத்தார்கள். சரி, மூன்றாம் தோட்டக்காரருக்குப் பூ உதிர்ந்து 32 சதவீதம் போய்விட்டது. நஷ்டம் 51,200 ரூபாய். நிவாரணம்? சுழி! ஒரு சதவீதம் கூடி 33 ஆகிவிட்டது, அதிகாரியும் ஒத்துக்கொண்டார் என்றே வைப்போம். 2022-23 முதல் 2025-26 வரைக்கும் வகுத்த விதிமுறையில் பல்லாண்டுப் பயிருக்கு ஹெக்டேருக்கு 22,500 ரூபாய், அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும்தான். ஏக்கருக்கு வருவது சுமார் 9,100 ரூபாய். 52,800 ரூபாய் நஷ்டத்துக்கு 9,100! ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை.

இதுவும் பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குத்தகைக்கு எடுத்து, வட்டிக்கு வாங்கி, ராத்திரி டார்ச் அடித்து மருந்து அடித்தவருக்கு ஒன்றும் இல்லை. துளிர் கிள்ளவும், கவாத்து அடிக்கவும், பழம் வெட்டவும் வருகிற நம் பெண்களுக்கு வெட்டு நின்றால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதே இல்லை.

நாசிக்கும் நாமும்

மகாராஷ்டிராவில் நாசிக் பக்கம் நம்மைவிடப் பெரிய திராட்சை விவசாயம். அவர்களும் வானத்திடம் அடி வாங்குகிறவர்கள்தான். 2014 பிப்ரவரி, மார்ச்சில் அடித்த ஆலங்கட்டி மழையிலும், 2023 நவம்பர் கடைசியில் பெய்த பருவம் தப்பிய மழையிலும் அங்கே திராட்சைத் தோட்டங்கள் நாசமாயின. அங்கே அடித்தால் இங்கே விலை ஏறும் என்று சந்தோஷப்படுகிற ஆட்கள் இல்லை நாம். அவன் பந்தலும் நம் பந்தலும் ஒரே வானத்துக்குக் கீழேதான் நிற்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வருஷத்துக்கு ஒரு விளைச்சல். ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் பழக் கவாத்து, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரைக்கும் வெட்டு. பெரும்பாலும் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில். அதனால் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் இவ்வளவு மழை பெய்தால் இவ்வளவு பணம்' என்று வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டை அங்கே திராட்சைக்கு எழுத முடிந்தது. அந்தத் திட்டத்தில் தோட்டக்கலைப் பயிருக்கு விவசாயி கட்டவேண்டிய பங்கு அதிகபட்சம் 5 சதவீதம். அதில் குறைகள் உண்டு, அங்குள்ள விவசாயிகளும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் யாரும் பந்தலுக்கு அடியில் நின்று தலையைத் தூக்கிப் பார்த்து எழுதுகிற முறை அல்ல அது. மழைமானி பேசும்.

நம் பள்ளத்தாக்கு அப்படி அல்ல. வருஷம் முழுக்க இங்கே எங்காவது ஒரு தோட்டத்தில் கவாத்து, எங்காவது ஒரு தோட்டத்தில் பூ, எங்காவது ஒரு தோட்டத்தில் வெட்டு. 'ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழம்' என்பதுதான் நம் பெருமை. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தபோது மேடை போட்டுப் பாராட்டினார்கள். சந்தோஷம். ஆனால் எதற்காகப் பாராட்டினார்களோ அதே காரணத்துக்காகத்தான் நாம் நஷ்டக் கணக்கில் வெளியே நிற்கிறோம். வருஷம் முழுக்க விளைகிற பயிருக்கு, ஒரே பருவத்தில் விளைகிற பயிரின் சட்டையைத் தைத்துப் போட்டால் பொருந்துமா?

நாம் செய்யவேண்டியது

அரசாங்கத்தைக் கேட்குமுன் நம்மை நாமே கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். பக்கத்துத் தோட்டத்துக்கு விலை கிடைத்தது என்று மழையைப் பற்றி யோசிக்காமல் கவாத்தை அடிக்கிறோமா இல்லையா? யூரியாவைக் கொட்டி இலையை அடைசலாக வளர்த்துவிட்டு, வெயிலும் காற்றும் குலைக்குப் போகாமல் செய்கிறோமா இல்லையா? எந்தத் தேதியில் கவாத்து, எந்தத் தேதியில் பூ என்று கேட்டால் விரல்விட்டு எண்ணுகிறோமே தவிர, எழுதி வைத்திருக்கிறோமா? அதிகாரி முன்னால் நாம் தலையைச் சொறிந்தது நம் கையில் காகிதம் இல்லாததால்தான்.

ஆகவே சங்கத்தின் சார்பில் உறுப்பினர் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறோம். பத்து ரூபாய் நோட்டு ஒன்று வாங்குங்கள். கவாத்துத் தேதி, துளிர் வந்த தேதி, பூ, பிஞ்சு, நிறம் திரும்பின தேதி, அடித்த மருந்து, வெட்டின எடை, விற்ற விலை இவ்வளவையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எழுதட்டும்.

மழையை அளக்க மெஷின் வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக, பக்கம் நேராக இருக்கிற டப்பா ஒன்றை மரமோ பந்தலோ மறைக்காத வெட்டவெளியில் வையுங்கள். தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை விட்டுப் பாருங்கள். தேங்கிய தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் உயரமோ அத்தனை மில்லிமீட்டர் மழை. எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். ஊருக்கு ஐந்து பேர் இப்படி எழுதி, ஒருத்தர் நோட்டில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டால், அதைத் தட்டிக்கழிக்க யாருக்கும் சுலபமாக வாய் வராது.

பூ சமயத்தில் மழை பிடித்தால் பத்து குலைக்குக் கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். மழைக்கு முன்னும் பின்னும் செல்போனில் படம் எடுங்கள். கொடி பச்சையாக இருக்கட்டும், குலை மொட்டையானதை அந்தப் படம் சொல்லும்.

நம் கோரிக்கைகள்

1. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் திராட்சைக்குக் கவாத்துத் தேதியையும் சேர்த்துப் பதிய வேண்டும். எந்த மழை எந்தத் தோட்டத்தை எந்தக் கட்டத்தில் பிடித்தது என்பதற்கு அதுவே சாட்சி.

2. சேதக் கணக்கை ஒருமுறை பார்த்து முடிக்கக் கூடாது. மழை நின்ற ஒரு வாரத்துக்குள் ஒருமுறை, அந்தந்தத் தோட்டத்தின் வெட்டுக்கு முன் ஒருமுறை என இரண்டு தடவை பார்க்க வேண்டும்.

3. கவாத்துத் தேதியை அடிப்படையாகக் கொண்டு, நம் மூன்று போகத்துக்கும் பொருந்துகிற வானிலைக் காப்பீடு வேண்டும். ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி வைத்து, அன்றாட அளவை ஊராட்சி மன்றப் பலகையில் எழுத வேண்டும்.

4. 33 சதவீதத்துக்கு ஒரு முடி குறைந்தாலும் ஒன்றும் இல்லை என்ற முறையை மாற்றி, நஷ்டத்தின் அளவுக்கேற்பப் படிப்படியாக நிவாரணம் தர வேண்டும். குத்தகை விவசாயிக்கும் அது சேர வேண்டும்.

5. ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் நம் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மழை, நோய் முன்னெச்சரிக்கை ஒவ்வொரு விவசாயியின் செல்போனுக்கும் தமிழில் வர வேண்டும். மருந்து அடித்த மறுநாள் அல்ல, அடிப்பதற்கு முதல் நாள் வர வேண்டும்.

இதில் எதுவும் நிலாவைக் கேட்கிற கோரிக்கை அல்ல. முதல் இரண்டுக்கும் பெரிய பணச்செலவுகூட இல்லை. அடங்கலில் ஒரு வரி, தோட்டத்துக்கு இன்னொரு நடை. அவ்வளவுதான்.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது, அரசாங்கத்தாலும் ஆகாது. வானம் செய்ததை வானம் செய்தது என்று எழுதுவதற்கு மனுஷனால் ஆகும். அதைத்தான் கேட்கிறோம்.

வருகிற விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர் கட்டாயம் வரவேண்டும். வெறுங்கையோடு வராதீர்கள். அவரவர் நோட்டோடு வாருங்கள். பூ உதிர்ந்த குலைக்காம்பு ஒன்றைத் துண்டில் முடிந்துகொண்டு வாருங்கள். கலெக்டர் மேசைமேல் அத்தனை காம்பையும் வரிசையாக வைப்போம். மனுவை ஏற்று எழுத்தில் பதில் தந்தால் நன்றி சொல்லித் திரும்புவோம். இல்லையென்றால் அடுத்த கட்டம் கலெக்டர் அலுவலக வாசலில் உட்காருவதுதான். தேதி தனி நோட்டீஸில் வரும்.

கொடி பச்சையாக இருக்கிறது என்பார்கள். குலை எங்கே என்று கேட்போம்!

ஒன்றுபடுவோம்! கணக்கோடு போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இப்படிக்கு,
செயலாளர்,
சங்கத்துக்காக.